காலி பஸ்ஸுக்கு மூச்சு கிடையாது

போன வாரம் இங்கே வளைகுடாவில், அப்பாசியாவில் இந்த வருடத்தின் முதல் மழை பெய்தது. மகள் வீட்டு மூன்றாவது மாடியில் நின்று, காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் ஒரு பள்ளிக்கூட பஸ் மெதுவாகப் போனது. அதன் வைப்பர் கண்ணாடியைக் கீறிக் கீறிக் கத்தியது. எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம், கோடை வெயிலில் வெந்துபோன ரப்பரை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்று.

"அந்த டிரைவர் தம்பிகிட்ட யாராச்சும் சொல்லுங்களேன்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மகள் உள்ளே இருந்து சிரித்தாள். "நீ இன்னும் டூட்டியிலதான் இருக்கியாம்மா?"

மறுநாள் புஜைராவிலிருந்து நஸ்ரின் போன் பண்ணினாள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இப்போது பஸ்களுக்கெல்லாம் பொறுப்பாக இருக்கும் பெண் அவள். என்னோடு ஆயாவாகச் சேர்ந்தவள், படித்து மேலே வந்துவிட்டாள். "அக்கா, புதுசா வந்திருக்க ஆயாங்க எல்லாம், குளிர்காலம் வர்றதுக்கு முந்தி அந்தச் சோதனைய ஏன் பண்றோம்னு கேக்குறாங்க. நான் சொன்னா கதை மாதிரி இருக்குங்குறாங்க. நீங்களே எழுதிக் குடுங்க" என்றாள்.

"நான் அஞ்சாம் வகுப்புடி" என்றேன்.

"அதனால என்ன? தமிழ்லதான எழுதப் போறீங்க."

அதனால் எழுதுகிறேன். நான் பஸ் ஓட்டியதில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட ஒரே ஒரு முறைதான், அதுவும் நிற்கிற வண்டியில். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் புஜைராவுக்கு வந்தது ஓர் அரபி வீட்டில் சமையல் வேலைக்கு. நான்கு வருடம் அங்கே இருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸில் ஓர் ஆயா வேலையை விட்டபோது, வீட்டுக்கார அம்மா என்னைக் கேட்டார். எனக்கு விசா எடுத்த கஃபீல், அந்த வீட்டுக்காரர், நல்ல மனிதர், மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டு விட்டுவிட்டார். அப்படி ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏறியவள் இருபத்திரண்டு வருடம் இறங்கவில்லை.

வேலை கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். பிள்ளையைக் கையைப் பிடித்து ஏற்று, பெல்ட் மாட்டு, தலையை எண்ணு, ரோட்டைத் தாண்ட வேண்டுமென்றால் சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நட. எல்லோரும் இறங்கிய பிறகு கடைசி சீட்டு வரை நடந்துபோய், தூங்குகிற பிள்ளை யாரும் இருக்கிறதா என்று குனிந்து பார். இவ்வளவுதான். பேச வேண்டிய வேலை இல்லை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. ஆபீஸில் கூப்பிட்டால் கதவோரமாக நின்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

என் பஸ்ஸின் டிரைவர் செல்லையா அண்ணன், பரமக்குடிப் பக்கம். நாங்கள் போகிற வழி மலைவழி. விடியும் முன்பே மசாஃபிப் பக்கம் மேலே ஏறிப்போய், அங்கங்கே நிற்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கீழே புஜைராவுக்கு வர வேண்டும். அவர் பேசிக்கொண்டே ஓட்டுவார். நான் கேட்டுக்கொண்டே வருவேன்.

வளைகுடாவில் என்ன குளிர்காலம் என்று ஊரில் கேட்பார்கள். பனிக்கட்டி கிடையாதுதான். ஆனால் ஏழெட்டு மாதம் வெயில் வண்டியை வேகவைத்துவிட்டுப் போன பிறகு வருகிற குளிர் அது. வெயிலில் கெட்டதெல்லாம் குளிரில்தான் தெரியும். பாட்டரி முதல் குளிர்ந்த காலையில் செத்துக் கிடக்கும். வைப்பர் ரப்பர் முதல் மழையில் நார்நாராக உரிந்து வரும். விடிகாலையில் பனி இறங்கினால், ரோட்டுத் தூசியும் ஈரமும் சேர்ந்து கண்ணாடியில் சேறு பூசினாற்போல் ஆகிவிடும். மலையில் மழை பெய்தால், காய்ந்து கிடந்த வாதியில், அதாவது மலை ஓடையில், தண்ணீர் அடித்துக்கொண்டு வரும். அதனால் நவம்பர் முதல் சனிக்கிழமை எல்லா பஸ்களையும் யார்டில் வரிசையாக நிறுத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். அப்போது எங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை.

பார்க்கிறவர் சலாவுதீன் பாய். அதிராம்பட்டினத்துக்காரர், ஒர்க்‌ஷாப்புக்குத் தலைவர். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கையில் ஓர் அட்டைப் பலகை, அதில் பஸ் ஒன்றுக்கு ஒரு கார்டு, ஒரு நீலப் பேனா. ஒவ்வொன்றாகக் கேட்பார், பார்ப்பார், டிக் போடுவார். பிடிக்காத ஒன்றைக் கண்டால் எதுவும் சொல்லமாட்டார். பேனாவுக்கு மூடியை மாட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். மூடி மாட்டிவிட்டால் அந்த பஸ் வெளியே போகாது. மேனேஜரே வந்து "பாய், பிள்ளைங்க நிக்கிறாங்க" என்று கெஞ்சினாலும் அந்த மூடி திறக்காது.

அவர் பார்க்கும் விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. டயரை முதலில் பார்ப்பார். ரோட்டில் படுகிற பட்டன் தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கமாட்டார். டயரின் பக்கத்தில் நான்கு எண் குத்தியிருக்கும், எந்த வருடம் எந்த வாரம் செய்தது என்று. முழங்காலில் உட்கார்ந்து அதைப் படிப்பார். ஓடாமலே கிடந்த டயரும் இந்த வெயிலில் கிழவியாகிவிடும் என்பார். காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் பார்ப்பார், ஓடிச் சூடான டயர் பொய் சொல்லும் என்று. வைப்பரைக் கண்ணாடியிலிருந்து தூக்கி, ரப்பரை இரண்டு விரலால் மடக்கிப் பார்ப்பார். மடக்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் புதிது மாட்ட வேண்டும்.

முன் விளக்குகளின் கண்ணாடி வெயிலில் மஞ்சளாகிவிடும். பனியில் அந்த விளக்கு போட்டும் போடாததுபோல்தான். அதற்கு அவர் சொல்கிற வைத்தியம் பற்பசை. துணியில் பற்பசை எடுத்துத் தேய்த்துக் கழுவினால் பளிச்சென்று வரும். ஒரு முறை செல்லையா அண்ணன் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பாய், ஒரு வாரமா ரூம்ல நான் பல்லு வெளக்க பேஸ்ட் இல்ல. பஸ்ஸு மட்டும் வாசமா இருக்கு."

"வெளக்காத வாயோடயாய்யா பேசுற? அது தொறந்தா நாங்கதான் பனிவிளக்கு போட்டுக்கணும்" என்றார் பாய், சிரிக்காமல்.

அந்தச் சனிக்கிழமையில் ஆயாக்களுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. பஸ்ஸின் கூரையில் ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடிப்பார்கள். ஆயா உள்ளே உட்கார்ந்து, எங்கே சொட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். முதல் வருடம் நான் உள்ளே இருந்து வெளியே வந்து பாயிடம் சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றேன்.

"எங்கெங்கம்மா?"

"உள்ள போட்டிருக்கேன் பாய்."

"வாயால சொல்லுங்க. நான் எழுதணும்ல."

"மூணாவது சீட்டுக்கு மேல ஒண்ணு. எமர்ஜென்சி கதவு கீழ்மூலையில ஒண்ணு."

அவர் அப்படியே எழுதினார். நான் சொன்னதை ஒருவர் காகிதத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

அந்த வருடம் செப்டம்பரில் பள்ளி திறந்தபோது வெயில் தாங்கவில்லை. எங்கள் பஸ் பழைய முப்பது சீட்டு வண்டி. நான் உட்காரும் மடக்கு சீட்டுக்கு அருகே, கதவுப் படிக்குச் சற்று மேலே, ஒரு கம்பிவலை இருந்தது. வெளிக்காற்று உள்ளே வருகிற வழி அது. அந்த வழியாக அனல் அடிக்கும், தூசியும் வரும். எனக்குப் பின்னால் முதல் சீட்டில் மித்ரா என்று ஒரு கே.ஜி. பிள்ளை. அந்த அனல் நேராக அவள் முழங்காலில் படும். கால் முழுக்கச் சிவந்து தடித்துப்போனது. பிள்ளை சொரிந்துகொண்டே வரும். எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டி வாங்கி வந்து, வலைக்கு அளவாக வெட்டி, நான்கு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டி அடைத்துவிட்டேன்.

செல்லையா அண்ணன் பார்த்துவிட்டு, "அட! இப்பத்தான் ஏசி நல்லாப் புடிக்குது. இஞ்சினியர் தங்கச்சி!" என்றார். எனக்கு இரண்டு நாள் மனசெல்லாம் பூரிப்பு.

நவம்பர் சனிக்கிழமை வந்தது. பாய் எல்லாம் பார்த்தார். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வருகிற ஓட்டையருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, ஃபேன் போடச் சொன்னார். காகிதம் படபடவென்று ஆடியது. டிக் போட்டார். உள்ளே இருந்த காற்றே சுற்றிச் சுற்றி வந்து ஆட்டியது என்று யாருக்குத் தெரியும்? அட்டை என் பைக்குப் பின்னால் மறைந்திருந்தது. எனக்கும் மறந்துபோயிருந்தது, அண்ணனுக்கும் மறந்துபோயிருந்தது.

குளிர் இறங்கியதும் தாய்மார்கள் டைரியில் எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். என் பிள்ளைக்கு இருமல், ஏசி போடாதீர்கள் என்று. அண்ணன் ஏசியை நிறுத்தினார். ஜன்னல்களையும் பிள்ளைகள் இழுத்துச் சாத்திக்கொண்டார்கள். காலையில் பஸ் கதகதப்பாக இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

குளிர்கால விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரம். அன்று மலையில் பனி விழுந்திருந்தது. இருபத்தாறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தோம். இன்னும் சரியாக வெளுக்கவில்லை. முன்கண்ணாடி முழுவதும் வெள்ளை. அண்ணன் ஒரு கையால் துணியை வைத்துத் துடைப்பார், துடைத்த இடம் நான்கு மூச்சில் மறுபடி வெளுத்துவிடும். ஃபேனைக் கூட்டினார். கண்ணாடி இன்னும் வெளுத்தது. ஒரு கையகல இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு ஓட்டினார். பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பேசாமல் ஓட்டுவது எனக்குப் பயமாக இருந்தது.

"என்னா பனி இது, இந்த வருசம்" என்று மட்டும் சொன்னார்.

மித்ராவுக்கு இதெல்லாம் கவலையே இல்லை. வேர்த்த கண்ணாடி அவளுக்குச் சிலேட்டு. பெல்ட்டைத் தளர்த்தி எட்டி, முன்கதவுக் கண்ணாடியில் விரலால் பூனை வரைந்துகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, கேட் பாருங்க. கண்ணு பெருசு."

பெல்ட்டைச் சரி பண்ண நான் குனிந்தேன். பூனையின் கண்ணுக்காக அவள் உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்திருந்தாள். அந்தக் கண் வழியாக வெளியே பார்த்தேன். ரோட்டோரக் கம்பித்தடுப்பு தெரிந்தது. தூரத்துப் பலகை தெரிந்தது. பனி இருந்தது, ஆனால் இவ்வளவு இல்லை. இது என்ன, எனக்குத் தெரிகிறதே, அண்ணனுக்கு ஏன் தெரியவில்லை என்று நினைப்பதற்குள், அதே வட்டத்துக்குள் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு பின்பக்கம் வந்து நின்றது. ஒரு தண்ணீர் டேங்கர். பாதி ஓரத்திலும் பாதி எங்கள் பாதையிலுமாக நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் அப்படி ஒரு மிதி மிதித்தார். டிபன் பாக்ஸ்கள் எல்லாம் முன்னால் உருண்டு வந்தன. பஸ் நின்றது. கதவைத் திறந்து இறங்கிப் பார்த்தேன். கையை நீட்டினால் டேங்கரைத் தொடலாம்.

பிள்ளைகள் எல்லோருக்கும் பெல்ட் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். இருபத்தாறு. இன்னொரு முறை எண்ணினேன். பின்னால் வந்த கார் ஒன்று சடாரென்று ஒதுங்கி, ஹாரனை அழுத்திக்கொண்டே போனது.

அப்போதுதான் பார்த்தேன். நான் திறந்து வைத்த கதவின் பக்கமிருந்து கண்ணாடியின் வெள்ளை மறைந்துகொண்டே வந்தது. யாரும் துடைக்கவில்லை. வெளிக்காற்று பட்ட இடமெல்லாம் தானாகத் தெளிந்தது. கீழே பார்த்தேன். என் அட்டை. என் பழுப்பு டேப்.

பிள்ளைகள் விட்ட மூச்செல்லாம் வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வழியை அடைத்தவள் நான். அண்ணன் ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு டேங்கர்காரனைத் தேடிப் போன நேரத்தில், அட்டையைப் பிய்த்து மடித்து என் கைப்பைக்குள் திணித்தேன். அவர் திரும்பி வந்தபோது பை உப்பியிருந்தது.

"என்ன தங்கச்சி அது?"

"குப்பைண்ணே."

அதன் பிறகு ஃபேன் போட்டதும் கண்ணாடி தெளிவாகிவிட்டது. "பனி விலகிருச்சு" என்றார் அண்ணன். நான் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டேன்.

ஹாரன் அடித்துக்கொண்டு போன கார்க்காரர் ஒரு பிள்ளையின் தகப்பனார். நாங்கள் பள்ளிக்குப் போய்ச் சேரும் முன்பே அவர் புகார் போய்ச் சேர்ந்துவிட்டது. டிரைவர் தூங்கிக்கொண்டு ஓட்டுகிறார் என்று சொல்லியிருந்தார். மத்தியானம் மேனேஜரிடமிருந்து சேதி வந்தது. ஒர்க்‌ஷாப் ரிப்போர்ட்டில் வண்டியில் குறை இல்லை என்றால் செல்லையாவுக்கு விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட்.

கேன்சல் என்ற வார்த்தையை இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணன் யார்டில் பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்திருந்தார். "லீவு முடிஞ்சு வந்து நாலு மாசம்தான் தங்கச்சி ஆவுது. வீட்ல போயி என்னன்னு சொல்றது? தூங்குனேன்னா?" என்றார். என் பை என் மடியில் இருந்தது. உள்ளே அட்டை விறைத்துக்கொண்டு இடுப்பில் குத்தியது.

சலாவுதீன் பாய் பலகையோடு வந்தார். அந்த நவம்பர் கார்டும் கையில் இருந்தது. முதலில் பிரேக் பார்த்தார். டயர், வைப்பர், விளக்கு எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. சரி, சரி என்று அவர் டிக் போடப் போட, அண்ணன் முகம் செத்துக்கொண்டே வந்தது. வண்டி நன்றாக இருக்க இருக்க அவருக்குத்தான் கெடுதல்.

"என்னய்யா நடந்துச்சு?"

"பனி பாய். வெளிய ஒண்ணுமே தெரியல. சத்தியமா தூங்கல."

"ஒண்ணுமே தெரியலைன்னா டேங்கர் நிக்கிறது எப்படித் தெரிஞ்சுது?"

"நான் பாக்கல பாய். வேதாதான் கத்துச்சு."

பாய் என் பக்கம் திரும்பினார். "ஒரே பஸ், ஒரே பனி. உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?"

வழக்கம்போல் தலையை ஆட்டிவிட்டு நிற்கலாம். அண்ணனுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அண்ணன் கண்ணில்தான் குறை என்று எழுதிவிட்டுப் போவார்கள். என்னை யாரும் கேட்கப்போவதில்லை. ஆயாவைக் கேட்டு யார் எழுதுவார்கள்? ஆனால் இந்த மனிதர், வாயால் சொல்லுங்கள் என்று கேட்டு எழுதியவர். பையைத் திறந்து அட்டையை எடுத்து அவர் பலகைமேல் வைத்தேன்.

"பனி உள்ளதான் பாய் இருந்துச்சு. காத்து வர்ற வழிய நான் அடைச்சிட்டேன். செப்டம்பர்ல. பிள்ளை காலு வெந்துச்சுன்னு. அண்ணன் மேல தப்பில்ல."

அழாமல் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

பாய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனாவுக்கு மூடி மாட்டினார். சரி, என் கதை முடிந்தது, கலாஸ் என்று நினைத்தேன். அவர் பஸ்ஸில் ஏறி, கம்பிவலையைச் சுற்றி ஒட்டியிருந்த டேப் பிசினை நகத்தால் சுரண்டினார். கீழே இறங்கி, பேனா மூடியைத் திறக்காமலே நவம்பர் கார்டை மேலிருந்து கீழே படித்தார்.

"நான் காகிதம் புடிச்சுப் பாத்தேனே. ஆடுச்சே."

"ஆடுச்சு பாய்" என்றார் அண்ணன்.

"காலி பஸ்ஸு" என்றார் பாய். "காலி பஸ்ஸுக்கு மூச்சு கிடையாதுய்யா. இருபத்தாறு பேர் ஏறுற வண்டிய ஒருத்தரும் இல்லாம நிறுத்தி வச்சுப் பாத்து, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

பிறகு மூடியைத் திறந்து எழுதினார். எழுதியதை எங்கள் இரண்டு பேருக்கும் தமிழில் படித்துக் காட்டினார். ஆயா அடைத்தது, டிரைவர் பார்த்தும் மறந்தது, தானும் காலி வண்டியைப் பார்த்துவிட்டுத் தேறியதாகக் கையெழுத்துப் போட்டது என்று இருந்தது. மூன்று பேர் பெயரும் இருந்தது. அவர் பெயர்தான் முதலில்.

மேனேஜர் மூன்று பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கேன்சல் என்ற பேச்சு அதோடு நின்றது. என் கடிதம் இங்கிலீஷில் இருந்தது. பாயிடமே கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னேன். "பஸ்ஸுல எதையும் ஒட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு. என்னுதுலயும் திட்டித்தான் இருக்கு, படிக்கவா?" என்றார். அண்ணனுக்கு என்மேல் கோபம் இல்லையா என்றால், ஒரு வாரம் இருந்தது. அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவர் அந்த பஸ்ஸை ஓட்டினார். தினமும் காலையில் நான் ஏறும்போது, "தங்கச்சி, பையில குப்பை ஏதும் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கியர் போடுவார்.

அடுத்த சனிக்கிழமை பாய் எல்லோரையும் யார்டுக்கு வரச் சொன்னார். டிரைவர்கள், ஆயாக்கள், வண்டி கழுவும் ஆட்கள் எல்லோரும் ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏற வேண்டும். ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியாயிற்று. காற்றுவழியில் அவரே ஓர் அட்டையை வைத்தார். ஏசி கிடையாது. ஒரு ஃபிளாஸ்க் நிறையச் சுடு டீயையும் உள்ளே அனுப்பினார்.

"பேசுங்க. சும்மா உக்காந்தா மூச்சு பத்தாது. பிள்ளைங்க சும்மாவா வரும்?" என்று வெளியிலிருந்து சொன்னார்.

பேசச் சொன்னால் யாருக்குப் பேச்சு வரும்? கழுவும் பையாக்களில் ஒருவர், "க்யா பாத் கரேங்கே பாய்?" என்று கேட்டார், என்னத்தைப் பேசுவது என்று. ஆயாக்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அப்போது அண்ணன் எழுந்து, "வேதா பையில இருந்த குப்பைய நான் எப்படிக் கேட்டேன்னு சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார். என் குரலில் "குப்பைண்ணே" என்று சொல்லிக் காட்டினார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது.

"வேதாம்மா, டிரைவர் சீட்ல உக்காருங்க" என்று பாய் வெளியிலிருந்து சொன்னார்.

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். கண்ணாடி வெளுத்திருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை. வேறு வழி இல்லை, போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

பாய் பஸ்ஸுக்கு முன்னால் இருபது எட்டு தள்ளி நின்றார். "நான் எத்தனை விரல் காட்டுறேன்?"

"ஒண்ணும் தெரியல பாய்."

"கேக்கல."

"ஒண்ணும் தெரியல பாய்!"

"சரி. இப்ப அட்டைய எடுங்க. ஏசியப் போடுங்க. ஏசின்னா குளிருக்குன்னு மட்டும் நெனைக்காதீங்க, ஈரத்தையும் அதுதான் இழுக்கும். பிள்ளைங்களுக்குக் குளிருனா சூட்டைத் திருப்பி வச்சுக்கலாம், ஆனா நிறுத்தக்கூடாது. காத்தக் கண்ணாடிப் பக்கம் விடுங்க."

அண்ணன் எல்லாம் செய்தார். கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு பிறை விழுந்தன. பிறை வளர்ந்தது. முதலில் பாயின் செருப்பு தெரிந்தது, பிறகு இடுப்பு, பிறகு சட்டைப்பையில் மூடி மாட்டிய பேனா, பிறகு தூக்கிய கை.

"எத்தனை?"

"மூணு பாய்."

"கேக்கல வேதாம்மா!"

"மூணு!"

"பின்சீட்டுக்காரங்களுக்கே கேக்கல!"

"மூணு பாய், மூணு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முப்பது பேரும் கைதட்டினார்கள். பாய் பேனா மூடியைக் கழற்றினார்.

மறு நவம்பரிலிருந்து கார்டில் ஒரு வரி கூடியது. ஆள் ஏற்றிக் கண்ணாடி பார்த்தல் என்று. அதற்கு எதிரே டிக் போடுகிற இடம் டிரைவருக்கோ பாய்க்கோ கிடையாது. ஆயா கையெழுத்துப் போட வேண்டும். நான் தமிழில்தான் போட்டேன். மேனேஜர் இதென்ன எழுத்து என்று கேட்டபோது, "படிக்கிறவங்களுக்குப் புரியும்" என்றார் பாய்.

எழுதச் சொன்னபோதே நஸ்ரின் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். இந்த வருடம் புது பஸ்கள் வந்திருக்கின்றன. தூங்குகிற பிள்ளையைக் காட்ட கேமரா, டயர் காற்றைச் சொல்ல டப்பா, கண்ணாடியைத் தானே சூடாக்கும் கம்பி எல்லாம் இருக்கின்றனவாம். இதற்குப் போய் இத்தனை பேரை ஏற்றிப் பார்க்க வேண்டுமா, மிஷினே சொல்லிவிடுமே என்று மேலே கேட்டார்களாம்.

"நீ என்னடி சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா. பேனா மூடிய மாட்டிக்கிட்டேன்."

நேற்றுக் காலை நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவளே வீடியோ காலில் வந்தாள். போனை டப்பாவில் சாய்த்து வைத்தேன். திரை முழுக்க வெள்ளை. பின்னால் ஒரே பேச்சும் சிரிப்பும், தமிழும் மலையாளமும் இந்தியும். வெள்ளையில் யாரோ விரலால் ஒரு பூனை வரைந்திருந்தார்கள்.

"அக்கா, நான் வெளிய நிக்கிறேன். போன் டிரைவர் சீட்ல இருக்கு. எத்தனை விரல்?"

"ஒண்ணும் தெரியலடி."

"இப்ப?"

கீழே இரண்டு பிறை விழுந்தன. பூனையின் கால் கரைந்தது, வயிறு கரைந்தது. அதற்குப் பின்னால் நஸ்ரினின் பச்சைத் துப்பட்டா, அவள் தூக்கிய கை, அவளுக்கும் பின்னால் யார்டின் கேட், கேட்டுக்கு அப்பால் ரோடு.

"நாலு!"

"கேக்கலக்கா!"

"நாலு! நாலு!"

மகள் தூக்கக் கலக்கத்தோடு அறையிலிருந்து ஓடிவந்தாள். "என்னம்மா, என்ன சத்தம்? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடி" என்றேன். "ரோடு தெரியுது."